துறைமுகத்துக்கும் தென்மேற்குக் காற்றுக்கும் சேர்த்து ஒரே ரேஸ் போர்டு: எந்த அகலம்?

புதுத்துடுப்பு, டர்பன்

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஊர். வேலைக்கு வந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனே ஊராகிவிட்டது. இதுவரை ஓட்டுவது காற்றடைத்த சாதாரண ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு, 11 அடி நீளம், 32 அங்குல அகலம். துறைமுகத்துக்குள்ளும் ப்ளூ லகூனிலும் அதை வைத்துக்கொண்டு சுற்றியாகிவிட்டது. எவ்வளவு வலித்தாலும் மூக்கு தண்ணீரைத் தள்ளுகிறதே தவிர ஓடமாட்டேன் என்கிறது. இனி 14 அடி ரேஸ் போர்டுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாரநாளில் அலையில்லாத தண்ணீர். சனி ஞாயிறில் காற்று அடித்தால், அதை முதுகில் வாங்கிக்கொண்டு கடலில் ஓட்டும் டவுன்விண்டும் பழக வேண்டும். என்றாவது ஒருநாள் கேப் டவுன் போய், மில்லர்ஸ் ரன் என்கிற டவுன்விண்ட் பாதையில் ஓட்ட வேண்டும் என்பது கனவு. எடை 86 கிலோ, உயரம் 178 செ.மீ., கையிருப்பு 30,000 ரேண்ட். ஒரு கடையில் 21.5 அங்குல கார்பன் போர்டைக் காட்டி, "உங்கள் உயரத்துக்குக் கச்சிதம்" என்கிறார்கள். கூட வேலை பார்ப்பவரோ 26-க்குக் கீழே போகவே போகாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வெச்சஸ்காரர், டர்பன்

தம்பி, 21.5 வேண்டாம். உயரத்துக்கும் அகலத்துக்கும் கடைக்காரர் எப்படி முடிச்சுப் போட்டார் என்று தெரியவில்லை. உயரம் கூடினால் தள்ளாட்டம்தான் கூடும். அகலத்தைத் தீர்மானிப்பது உங்கள் எடை, உங்கள் கால் பழக்கம், அப்புறம் நீங்கள் ஓட்டும் தண்ணீர். இந்த மூன்றும்தான்.

32-லிருந்து 21.5-க்கு ஒரே தாவலில் போனால், துடுப்பு போடுவதற்குப் பதில் துடுப்பை ஊன்றிக்கொண்டு நிற்பீர்கள். அப்படி ஊன்றுகிற ஒவ்வொரு முறையும் வேகம் சாகிறது. 86 கிலோவுக்கு, முதல் ரேஸ் போர்டுக்கு, 24.5 முதல் 26 வரை. பிராண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மிட்மார்வாசி, ஹோவிக்

அண்ணன் சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். அகலம் கூடக்கூட பாதுகாப்பு என்று நினைத்து 26 வாங்கியவர்கள், கால் பழகியதும் அதை விற்க அலைவதைப் பார்த்திருக்கிறேன். அலையில்லாத தண்ணீரில் கால் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகும்.

கொஞ்சம் கணக்கு. தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடுகிற எந்தக் கலத்துக்கும் நீளத்தைப் பொறுத்து ஒரு வேகச் சுவர் உண்டு. நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) விடை வரும். உங்கள் 11 அடிக்கு அது மணிக்கு 8.2 கி.மீ., 14 அடிக்கு 9.3 கி.மீ. அதற்கு மேல் போகவே முடியாது என்று இல்லை. ஆனால் அந்தச் சுவரை நெருங்க நெருங்கக் கொடுக்கிற பலத்துக்குக் கிடைக்கிற வேகம் சொற்பம். 11 அடியில் நீங்கள் முட்டி மோதுவது இந்தச் சுவரில்தான், உங்கள் கையில் குறையில்லை. நீளமும் குறுகலான உடலும் சேர்ந்தால் போர்டு எழுப்புகிற அலை சின்னதாகிறது. அதனால்தான் ரேஸ் போர்டு இந்த உருவத்தில் இருக்கிறது.

தட்டைத் தண்ணீர் போர்டின் அடையாளம்: மூக்கு கத்தி மாதிரி செங்குத்தாக இருக்கும், அடிப்பக்கம் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய நேர்கோடு, நிற்கிற இடம் குழிவாக உள்ளே இறங்கியிருக்கும். அந்தக் குழிக்கு டக்அவுட் என்று பெயர். கால் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டே வருவதால், 23 அங்குல டக்அவுட் போர்டு சமதளமான 24-ஐவிட உறுதியாக நிற்கும். அதனால் அகலத்தை மட்டும் வைத்து இரண்டு போர்டை ஒப்பிடாதீர்கள். குழியில் இறங்கி நிற்பதால் துடுப்பையும் ஓரிரு அங்குலம் குறைக்க வேண்டிவரும், அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று. துறைமுகத்தின் நடுவில் இருக்கிற மணல்திட்டின் மேல், நீர் வற்றும் நேரத்தில் போர்டைச் சோதித்துவிட்டு "இது மந்தம்" என்று முடிவு கட்டாதீர்கள். அரை மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் ஓடாது. நீங்கள் அந்த வேகத்தைத் தொடும்போது உங்கள் அலையையே நீங்கள் ஏற வேண்டியிருக்கும். எந்தப் போர்டானாலும் அங்கே யாரோ வாலைப் பிடித்து இழுப்பதுபோல்தான் இருக்கும். ஆழத்துக்கு வந்து சோதியுங்கள்.

ஃபால்ஸ்பே அக்கா, கேப் டவுன்

மிட்மார் தம்பி சொன்னது ஏரிக்கு வேதவாக்கு. அணைத் தண்ணீரிலேயே ஓட்டுகிறவர் 23-தான் வாங்குவார். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு அது பொருந்தாது.

டவுன்விண்டில் நடப்பது வேறு. ஒரே இடத்தில் நின்று பார்த்தால் 3 வினாடிக்கு ஒன்றாக வருகிற காற்றலை, மேட்டுக்கு மேடு 14 மீட்டர் இடைவெளியில், மணிக்கு சுமார் 17 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 4 வினாடி அலை என்றால் 22 கி.மீ.க்கும் மேல். நம் துடுப்பு வேகம் 8 அல்லது 9. இந்த இடைவெளியைத் தசையால் நிரப்ப முடியாது. வால் தூக்கப்பட்டு மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற அந்த இரண்டு மூன்று வீச்சில்தான் போர்டு வழுக்கி இறங்க வேண்டும். அப்போது கத்தி மூக்கு என்ன செய்யும்? முன்னால் இருக்கிற அலையின் முதுகில் குத்திக்கொண்டு உள்ளே போகும், அல்லது ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பும். நீங்கள் மறுபக்கம் தண்ணீரில் இருப்பீர்கள்.

அதனால் காற்றோடு ஓடுகிற போர்டுக்கு மூக்கில் வளைவு வேண்டும், முன்பக்கம் மிதவை வேண்டும், வால்பக்கம் அடி தட்டையாக இருந்து வழுக்க வேண்டும். நீங்கள் பின்னால் கால் வைத்து நிற்க இடமும் வேண்டும். அலைக்குள் இறங்கியதும் ஒரு காலைப் பின்னுக்கு வைத்து மூக்கைத் தூக்குவோம், பள்ளத்தில் வேகம் குறைந்ததும் முன்னுக்கு வருவோம். இந்த நடை ஓயவே ஓயாது. மிகக் குறுகலான போர்டில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், நடக்கத் துணிவு வராது. நடக்காதவருக்கு டவுன்விண்ட் இல்லை.

ஆகவே உங்களுக்குத் தேவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வகை. ஸ்டார்போர்டு கம்பெனியில் ஸ்பிரிண்ட் ஏரிக்கானது, ஆல் ஸ்டார் எல்லாத் தண்ணீருக்குமானது. எஸ்ஐசி புல்லட், நாயிஷ் மாலிகோ இரண்டும் காற்றுப் பக்கம் சாய்ந்தவை. மாலிகோ என்ற பெயரே ஹவாயின் மௌவி தீவில் டவுன்விண்ட் ஓட்டுகிறவர்கள் கிளம்புகிற பள்ளத்தாக்கின் பெயர்.

மில்லர்ஸ் ரன் பற்றி: மில்லர்ஸ் பாயின்டிலிருந்து ஃபிஷ் ஹூக் வரை சுமார் 12 கி.மீ. கோடையில் தென்கிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது ரோமன் ராக் கலங்கரை விளக்கத்தைக் குறிவைத்துப் போவோம். அங்கே 21.5-ல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் பிழைப்பு.

சர்ஃப்ஸ்கி பித்தன், அம்லாங்கா

எதற்கு இவ்வளவு வம்பு? உட்கார்ந்து ஓட்டுங்கள். சர்ஃப்ஸ்கி வாங்குங்கள், கடலுக்கான நீளமான ஒல்லிப் படகு. ஹவாயின் மொலோக்காய் சர்ஃப்ஸ்கி பந்தயத்தை 12 முறை ஜெயித்த ஆஸ்கர் சலுப்ஸ்கி வளர்ந்த கடற்கரையில் நின்றுகொண்டு, நட்டமாக நின்று ஓட்டுகிற போர்டைத் தேடுகிறீர்களே! அதே கையிருப்புக்கு நல்ல பழைய ஸ்கி கிடைக்கும், எதிர்க்காற்றிலும் வீடு வந்து சேரலாம்.

வெச்சஸ்காரர், டர்பன்

வந்துட்டார்யா. ஆப்பம் கேட்டால் இட்லியைப் புகழ்கிற ஆள்.

ஆனால் எதிர்க்காற்று விஷயம் நிஜம். நின்றால் உடம்பே பாய். 20 நாட் எதிர்க்காற்றில் ஸ்டாண்ட்-அப் போர்டில் முழங்காலிட்டு வலித்தாலும் நகர்வது கொஞ்சம்தான். அதனால் டவுன்விண்ட் என்றால் ஒருவழிப் பயணம், இறங்குகிற இடத்தில் வண்டி நிற்க வேண்டும். தனியாகக் கிளம்பி "கொஞ்சதூரம் போய்த் திரும்பலாம்" என்கிற யோசனையே கூடாது.

மிட்மார்வாசி, ஹோவிக்

அக்கா, ஒரு சந்தேகம். இவர் வாரத்தில் பெரும்பாலான நாள் துறைமுகத்தில் ஓட்டப்போகிறார். டர்பனில் சனி ஞாயிறு பார்த்தா காற்று அடிக்கும்? என்றாவது வருகிற ஒரு ஓட்டத்துக்காக எல்லா நாளும் மெதுவான போர்டில் ஓட்டச் சொல்கிறீர்களே.

ஃபால்ஸ்பே அக்கா, கேப் டவுன்

நியாயமான கேள்வி. 23 அங்குல ஏரி போர்டுக்கும் 24.5 நடுவகைப் போர்டுக்கும் தட்டைத் தண்ணீரில் வித்தியாசம் இருக்கிறது, பந்தயத்தில் தோற்கிற அளவுக்கு. பயிற்சி செய்கிறவருக்கு அது மணிக்கு ஒரு கிலோமீட்டரின் சின்னப் பின்னம். கடலில் ஏரி போர்டு கொண்டுவருகிற கஷ்டத்துக்குக் கணக்கே வேறு, ஓட்டமே நடக்காது. ஒருபக்கம் கொஞ்சம் மெதுவு, மறுபக்கம் முடியவே முடியாது. இதில் எதை விட்டுக்கொடுப்பது?

மேலும் டர்பன் துறைமுகம் தட்டைத் தண்ணீரே இல்லை. இழுவைப்படகு ஒன்று போனால் சுவரில் மோதித் திரும்புகிற அலை எல்லாப் பக்கமிருந்தும் வரும். அந்தக் குழப்ப அலையில் 23-ல் நின்று பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

மிட்மார்வாசி, ஹோவிக்

இழுவைப்படகு அலையை மறந்துவிட்டேன். எங்கள் அணையில் அந்தப் பிரச்சினை இல்லை. சரி, 24.5-க்குச் சம்மதம். 26-க்கு இன்னும் சம்மதம் இல்லை.

புதுத்துடுப்பு, டர்பன்

இவ்வளவு விளக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, நன்றி. பழைய போர்டு இரண்டு கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று ஆல் ஸ்டார் 24.5, பாலிட்டோவில் ஒருவரிடம். இன்னொன்று 25 அங்குலம், தட்டையான மேல்தளம், வேறு கம்பெனி, விலை மலிவு, ஆனால் வாலில் ஒட்டுப்போட்ட தழும்பு. வீடு ஐந்தாவது மாடி, லிஃப்டில் 14 அடி ஏறாது. காற்றடைத்த 14 அடி ரேஸ் போர்டு சரிவருமா? பழையதில் எதைப் பார்த்து வாங்குவது?

பிசின்கை, பைன்டவுன்

போர்டு பழுது பார்ப்பது என் வேலை, இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

காற்றடைத்தது 14 அடி நீளத்தில் நடுவில் தொய்யும். 25 பிஎஸ்ஐ வரை அடித்து ஏரியில் ஓட்டலாம். கடலில் ஒவ்வொரு மேட்டிலும் பலகை வளைந்து, அலை கொடுக்கிற தள்ளலை அதுவே தின்றுவிடும். உங்கள் காரியத்துக்கு வேண்டாம். கீழே பார்க்கிங்கில் சுவரோரமாகத் தொங்கவிட அனுமதி வாங்குங்கள், வெயில் படாத இடமாக.

பழைய போர்டைப் பார்க்கப் போகும்போது காலையிலேயே போங்கள், நல்ல வெளிச்சத்தில். தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தால் உலரும்வரை காத்திருங்கள். முதலில் நிற்கிற இடம். ரப்பர் விரிப்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே முன்னிருந்து பின்னுக்கு வாருங்கள். நல்ல போர்டு கல் மாதிரி இருக்கும். எங்காவது மெத்தென்று இறங்கி, விரலை எடுத்ததும் மெல்ல "க்ரிச்" என்றால், மேல்தோல் உள்ளே இருக்கிற நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது. அதைத் திரும்ப ஒட்டவைக்கும் செலவுக்கு நீங்கள் பேரம் பேசவே வேண்டாம், வந்துவிடலாம்.

அடுத்து ஃபின் பெட்டி, அதாவது வாலின் அடியில் ஃபின் என்கிற செதிலை மாட்டுகிற இடம். ஃபினை மாட்டி, நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். ஃபின் ஆடலாம், பெட்டியின் ஓரம் ஆடக் கூடாது. ஓரத்தில் மயிரிழைபோல் கோடு ஓடினால் தண்ணீர் உள்ளே போகிற வழி அது. பிறகு தராசு. கம்பெனி சொன்ன எடையைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தால், ஒட்டுப்போட்ட பிசினின் எடையாக இருக்கலாம், உள்ளே ஊறிய தண்ணீராகவும் இருக்கலாம். போர்டை மூக்கு கீழாக நிறுத்திவைத்து, காற்றுத்துளைத் திருகைக் கழற்றி, ஓரத்தில் ஈரம் கசிகிறதா பாருங்கள்.

வாலில் தழும்பு என்றீர்கள். யார் ஒட்டியது, எதனால் ஒட்டியது என்று கேளுங்கள். இந்தப் போர்டுகளின் உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன் நுரை. எபாக்ஸி மட்டும்தான் போடலாம். பாலியஸ்டர் பிசின் பட்டால் நுரை கரைந்து குழியாகிவிடும், மேலே பளபளப்பாக இருக்கும். அப்படி "ஒட்டின" ஒரு போர்டு என்னிடம் வந்தது. வாலைத் தட்டினால் தகர டப்பா சத்தம்.

காற்றுத்துளையில் திருகு வைத்த பழைய மாடல் என்றால் இன்னொன்று. டர்பனிலிருந்து மிட்மார் அணைக்குப் போனால் ஆயிரம் மீட்டர் ஏற்றம். திருகை இறுக்கி மூடிவைத்து வெயிலில் கூரைமேல் கட்டிக்கொண்டு போனால் உள்ளே காற்று விரிந்து தோலைப் பிய்க்கும். வண்டியில் ஏற்றும்போது திற, தண்ணீரில் இறக்கும்போது மூடு. கோர்-டெக்ஸ் வைத்த தானியங்கித் துளையாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

வெச்சஸ்காரர், டர்பன்

தட்டை மேல்தளம் 25-ஐப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டவுன்விண்டுக்குத் தட்டைத் தளம் மோசமில்லை, கால் மாற்ற வசதி. டக்அவுட்டில் அலை ஏறினால் குழியில் தண்ணீர் நிற்கும். வடிகிற துளை பெரிதாக இருக்கிறதா, மணல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும்.

புதிய விருந்தாளி, பிரிட்டோரியா

இப்போதெல்லாம் டவுன்விண்டுக்கு, அடியில் இறக்கை வைத்துத் தண்ணீருக்கு மேலே எழும்புகிற ஃபாயில் போர்டுதானே? 14 அடியை யார் ஓட்டுகிறார்கள்?

ஃபால்ஸ்பே அக்கா, கேப் டவுன்

ஓட்டுகிறவர்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஃபாயில் தண்ணீருக்கு மேலே எழும்பினால் அந்த 17 கி.மீ. அலையையே தாண்டிப் போகும், மறுக்கவில்லை. எழுப்பக் கற்றுக்கொள்வதற்குள் தோள் கழன்றுவிடும், துறைமுகத்தில் வாரநாள் பயிற்சிக்கும் உதவாது. இவர் கேட்டது அதுவல்ல. ஒரு நல்ல காரியம், எங்கள் பக்கம் ஃபாயிலுக்கு மாறினவர்களின் 14 அடிகள் விலைக்கு வருகின்றன.

மட்டுறுத்துநர்

ஃபாயில் பேச்சுக்குத் தனி இழை உண்டு. இங்கே தொடர வேண்டாம்.

புதுத்துடுப்பு, டர்பன்

ஆல் ஸ்டார் 24.5-ஐ வாங்கிவிட்டேன். கட்டைவிரல், தராசு, வாளித் தண்ணீர் எல்லாம் பார்த்தேன். விற்றவர் சிரித்துக்கொண்டே இன்னொரு வாளி பிடித்துக் கொடுத்தார். மூக்கில் ஒரு சின்னக் கீறல், அதற்கு விலையில் குறைத்துக்கொண்டார். துறைமுகத்தில் முதல்நாள் கால் நடுங்கியது உண்மை, ஆனால் நின்றேன். இனி ஃபின், போர்டைக் காலோடு கட்டுகிற கயிறு, கடல். எங்கே ஆரம்பிப்பது?

மிட்மார்வாசி, ஹோவிக்

வாழ்த்துகள். ஃபின் இரண்டு வையுங்கள். ப்ளூ லகூனுக்கும் இனாண்டா அணைக்கும் பின்னோக்கிச் சாய்ந்த களை ஃபின். ஆகாயத்தாமரை ஒரு கொத்து மாட்டினால் போர்டு நங்கூரம் போட்டதுபோல் நிற்கும், சாய்ந்த ஃபினில் அது தானே வழுக்கிப் போகும். கடலுக்கு 8 அல்லது 9 அங்குல ஆழமுள்ள ஃபின், வால் நிலைக்கும்.

மழை பெய்த வாரம் ப்ளூ லகூன் வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்த பிறகு, அங்கே கடலில் கலக்கிற உம்கேனி ஆற்றுத் தண்ணீர் பலரைப் படுக்கவைத்திருக்கிறது. டூசி படகு மாரத்தான் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், அந்த வயிற்றுப்போக்குக்கே "டூசி கட்ஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெச்சஸ்காரர், டர்பன்

கடலுக்கு வெச்சஸ் கடற்கரைதான். பழைய தடுப்புச்சுவர் அலையை உடைத்துவிடுவதால் உலர்ந்த தலையோடு வெளியே போகலாம். வடக்கே அம்லாங்கா வரை 15, 16 கி.மீ., தென்மேற்குக் காற்றில் ஓடலாம். ஆனால் முதல் ஓட்டத்துக்கு அம்லாங்காவில் இறங்காதீர்கள். அங்கே கரையில் விழுகிற அலை கனமானது, போர்டு இரண்டாகப் போவது பெரும்பாலும் கடலில் இல்லை, கடைசி பத்து மீட்டரில்தான். அலை உடைகிற இடத்துக்கு வெளியிலேயே குதித்துவிடுங்கள், போர்டின் வாலைப் பிடித்துக்கொண்டு அலையோடு அலையாக வாருங்கள். போர்டு எப்போதும் உங்களுக்கும் கரைக்கும் நடுவில். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் வந்தால் பல் போகும்.

காற்றைப் பற்றி: வடகிழக்குக் காற்று நாள் முழுக்க மெல்ல ஏறும், கணிக்கலாம். தென்மேற்கு அப்படி இல்லை. வடகிழக்கு செத்து, பத்து நிமிஷம் மூச்சடங்கி, தெற்கே வானம் கறுத்து, திடீரென்று அறையும். அந்த முதல் அறையில் தண்ணீரில் இருக்காதீர்கள். அது ஓய்ந்து நிதானமான பிறகு, அடுத்த நாள் காலை 15 நாட் அளவில் இறங்குங்கள். வெளியே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. எதிரே காற்று அடித்தால் அலை செங்குத்தாகும், அதனால் ஆசைப்பட்டு ரொம்ப வெளியே போக வேண்டாம்.

ஃபால்ஸ்பே அக்கா, கேப் டவுன்

கயிறு இல்லாமல் டவுன்விண்ட் கிடையாது. விழுந்தால் காற்று போர்டைக் கொண்டுபோகிற வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது. துறைமுகத்துக்குச் சுருள் கயிறு, கடலுக்குக் கெண்டைக்காலில் கட்டுகிற நீளமானது. போர்டில் அதைக் கோர்க்கிற சின்ன நூலை ஒவ்வொரு முறையும் பாருங்கள், அறுவது அதுதான். ஆறு ஓடுகிற இடத்தில் மட்டும் காலில் கட்டாமல், இழுத்தால் கழல்கிற இடுப்புவார்.

மிதவை அங்கி, உறைபோட்ட போன், கடல் மீட்பு அமைப்பான என்எஸ்ஆர்ஐயின் சேஃப்டிரெக்ஸ் செயலி. செயலி இலவசம், போகிற வழியையும் திரும்பும் நேரத்தையும் பதிந்துவிட்டுப் போகலாம். நேரத்துக்கு வராவிட்டால் வீட்டாருக்குத் தகவல் போகும்.

புதுத்துடுப்பு, டர்பன்

எல்லாம் வாங்கியாயிற்று. அண்ணா, அடுத்த தென்மேற்கு ஓய்ந்ததும் நீங்கள் இறங்குவதாக இருந்தால் நானும் வரலாமா? வண்டி ஒன்றை வடக்கே விட்டுவைக்க வேண்டும் என்றீர்களே.

வெச்சஸ்காரர், டர்பன்

வாங்க தம்பி. அஞ்சரைக்கு வெச்சஸ் பார்க்கிங். உங்கள் காரை முதல்நாள் ராத்திரியே ப்ளூ லகூன் பக்கம் விடாதீர்கள், கண்ணாடி இருக்காது. காலையில் என் பேக்கியில் (பிக்கப் வண்டி) இரண்டு போர்டையும் ஏற்றிக்கொள்ளலாம், பித்தன் ஓட்டிக்கொண்டு வந்து எதிர்முனையில் நிற்பார்.

சர்ஃப்ஸ்கி பித்தன், அம்லாங்கா

நானா? சரி. ஆனால் என் ஸ்கியும் பேக்கியில் ஏறும்.